புறவாசலில் உட்கார்ந்த பொம்மை

இதை எழுத உட்காரும்போதே கூச்சமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தச் சங்கதியை நேராகச் சொல்ல மாட்டோம். ‘வீட்டுக்குத் தூரம்’ என்போம், ‘வெளியே உட்கார்ந்திருக்கிறாள்’ என்போம். அதையும் குரலை இறக்கிச் சொல்லிவிட்டு உடனே அரிசி, பருப்பு என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவோம். வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம், ஆனால் எந்த வீட்டிலும் நடக்காத மாதிரி வைத்திருந்தோம். அதை என் மகள் களிமண்ணில் செய்து, கொலுவுக்குப் பக்கத்தில், ஊர் பார்க்க உட்கார வைத்துவிட்டாள். அப்போது அவளுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரருக்கு சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸுக்கு மாற்றலாகி, கோவிலுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு வீடு பிடித்து வந்திருந்தோம். அவர், நான், ஒரே மகள். மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது. கொடுத்துவைத்தவள் என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாள் வந்து அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்துப் பார்த்திருக்க வேண்டும். விடிவதற்கு முன் வாசல் தெளிப்பதில் ஆரம்பித்தால் இரவு அடுப்பைச் சாணியிட்டு மெழுகுவது வரைக்கும் ஒரே ஆள்தான். நடுவில் பிள்ளை வந்து முந்தானையைப் பிடித்தால், “ஏட்டி, அங்கிட்டுப் போ, எண்ணெய் தெறிக்கப் போகுது” என்பேன். அதற்கு மேல் அவளோடு பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவளும் பேச மாட்டாள். ஊமை இல்லை, காது கேட்காமல் இல்லை. வெளி ஆள் முன்னால் வாய் திறக்காது, அவ்வளவுதான். பெயர் என்ன என்று கேட்டால் தரையைப் பார்க்கும். ஆடித்தபசுக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால் யார் வீட்டுப் பிள்ளை என்றுகூடச் சொல்லாதே என்று பயந்து, அதன் பாவாடை நாடாவை என் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு சப்பரம் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. ஒற்றைப் பிள்ளை, அதுவும் இப்படியா என்று என் காது படவே கேட்பார்கள்.

பள்ளிக்கூடத்து டீச்சர் கிறிஸ்தவப் பெண், நல்ல மாதிரி. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “கணக்கு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கா. ஆனா கைவேலை கிளாஸ்ல இவள மிஞ்ச ஆள் இல்ல. வீட்ல இருக்க கழிவு சாமான் எதையாவது குடுத்து ஏதாவது செய்யச் சொல்லுங்களேன். காசு ஒண்ணும் செலவழிக்க வேண்டாம்” என்றார். காசு செலவில்லை என்றதும் எனக்கு யோசனை பிடித்துப்போய்விட்டது.

ஒரு பழைய தகரப் பெட்டியைக் காலி செய்து கொடுத்தேன். சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தால்தான் ஒரு வீட்டில் இவ்வளவு சாமான் வீணாகப் போகிறதா என்று தெரிகிறது. தீப்பெட்டி, தென்னை ஈர்க்கு, வாழைநார், புளியங்கொட்டை, வெற்றிலைபாக்குக் கடையில் கிடைக்கும் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள், ஆபீஸிலிருந்து இவர் கொண்டுவரும் பழைய காக்கிக் கவர். தறி போட்டிருக்கும் தெருவில் போய்க் கேட்டால் சாயம் ஏறிய நூல் துண்டு கை நிறையத் தருவார்கள். குளத்துக் களிமண் பால்காரி கொண்டுவந்து போடுவாள். வர்ணத்துக்கு மஞ்சள், சுண்ணாம்பு, சலவைக்குப் போடும் நீலம், அடுப்புக்கரி. பசைக்கு வடித்த கஞ்சி. எல்லாம் சேர்ந்தது. கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எனக்குத்தான் நேரம் இல்லை.

நேரம் கிடைத்தது அந்த நாட்களில்தான்.

புறவாசலில் விறகுப்புரையை ஒட்டி ஒரு சாய்ப்புக் கூரை இறக்கியிருந்தார்கள். மாதா மாதம் அங்கே போய் ஒரு கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவேன். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர். சமையல் இவர் பாடு. இவர் வைக்கும் ரசத்தில் புளி ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக நிற்கும். அதை எட்ட வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் உள்ளே போய்விடுவார். யாரையும் எதையும் தொடக் கூடாது. தெருப்பெண்கள் தண்ணீருக்கு வந்தால் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்படி உட்கார்ந்திருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு கூசல் உண்டு. புதுசாகக் கல்யாணமாகி வந்தபோது இருந்தது, அப்போதும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். எனக்கு எதிரே கிணற்றடித் துவைகல்லில் உட்காருவாள். எங்கள் இருவருக்கும் நடுவே ஆறேழு அடி இருக்கும். துணிக்குத் தீட்டு உண்டு, மண்ணுக்குக் கிடையாது என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். அதனால் களிமண் என்றால் நானும் பிசைவேன், உருட்டித் தரையில் வைத்துக் கையை எடுத்துக்கொண்டால் அவள் வந்து எடுத்துக்கொள்வாள். துணிவேலை என்றால் வாய்வார்த்தைதான். “இன்னும் கொஞ்சம் மடி. அங்கன ஊசியக் குத்து. அங்கன இல்ல மக்கா, அதுக்குக் கீழ.” நான் பார்க்க, அவள் தைப்பாள். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காத பிள்ளை அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து ஓயாமல் பேசும். டீச்சருக்கு யார் கடிதம் போட்டது, எந்தப் பிள்ளை யாரோடு டூ விட்டது, காக்கா ஏன் வடையைத் தின்கிறது, எல்லாம் பேசும். களிமண்ணும் நூலும்தான் இதன் வாயைத் திறந்துவிட்டன என்று நான் நினைத்தேன். டீச்சருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முந்தி அவள் கொலுப் படிக்குப் பக்கத்தில் தரையில் ஓர் இடம் கேட்டாள். கேட்டாள் என்றால் விரலால் காட்டினாள். பொம்மைப் பூங்காவும் குளமும் வைக்கிற இடம் அது. சரி என்றேன். ஜவுளிக்கடை அட்டைப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் மச்சிலேயே கிடந்தாள், யாரையும் விடவில்லை. அமாவாசையன்று நான் படிக்கு வேட்டி விரித்துப் பொம்மை அடுக்கும்போது அதைக் கொண்டுவந்து இறக்கினாள்.

எங்கள் வீடு. அசல் எங்கள் வீடு. விரலின் மேல் களிமண்ணை வளைத்துக் காயவைத்து ஓடு செய்திருந்தாள். வாசலில் சுண்ணாம்பில் கோலம். முன்னறையில் ஈர்க்கு நாற்காலி போட்டு அவள் அப்பா, கையில் ஒரு துண்டுப் பேப்பர், மூக்குக்கண்ணாடிக்கு வளைத்த செப்புக்கம்பி. எனக்குச் சிரிப்பும் பூரிப்பும் தாங்கவில்லை. “எம்புட்டு அழகா செஞ்சிருக்கட்டி” என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, சுண்டலுக்குக் கடலை ஊறப்போட ஓடிவிட்டேன். வீட்டின் பின்பக்கம் சுவரோரமாக இருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தெருப்பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டு மதினி சுவரோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்து வெற்றிலைபாக்குத் தட்டை நீட்டும்போது பார்க்கிறேன், முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு குலுங்குகிறாள்.

“ஏட்டி, இது நீதான?”

எட்டிப் பார்த்தேன். பின்கட்டில் கிணறு, துவைகல், விறகுப்புரை. விறகுப்புரையை ஒட்டிச் சாக்குத் துண்டு விரித்து ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். கட்டியிருந்தது என் பழைய பச்சைக் கட்டம் போட்ட சேலையின் கிழிசல். தெருவில் அந்தச் சேலையை அறியாத ஆள் கிடையாது, அத்தனை வருஷம் உடுத்தியிருந்தேன். அவள் முடிந்திருந்த கொண்டைகூட என் கொண்டைதான்.

நடுக்கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், சாமிக்கு முன்னால், என்னைத் தூக்கிக்கொண்டுவந்து அந்தக் கோலத்தில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. எல்லாரும் எழுந்து சுற்றி வந்து பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும் வழக்காடல் ஆரம்பித்தது. கொலுவுக்குத் தீட்டு உண்டா, கிடையாதா?

“வெறும் மண்ணு பொம்மைதான, அதுக்கென்ன தீட்டு?” என்றாள் ஒருத்தி.

“அப்பிடிச் சொல்லாத. மேல படில இருக்க மீனாச்சியும் மண்ணுதான். அவள மட்டும் சாமின்னு கும்பிடுதோம், இவ மட்டும் வெறும் மண்ணாக்கும்?” என்றாள் இன்னொருத்தி.

மதினி மட்டும் சுண்டலைத் தின்றாள். மற்றவர்கள் கையில் வாங்கிக்கொண்டார்கள், வாயில் போட்டதாகத் தெரியவில்லை. மகள் கதவு மறைவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் செய்ததை இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

விளக்கு வைத்த பிறகு இவர் வந்தார். காட்டினேன். பார்த்ததும் மனுஷன் முகம் சுருங்கிப்போய்விட்டது.

“எடுத்துரு அத.”

“கொலு வச்ச பிறகு நடுவுல எப்பிடி எடுக்க? விஜயதசமிக்குப் படுக்கப்போட்டுதான் எடுக்கணும். நடுவுல கலைச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவருக்கு என்னைவிடப் பயம் அதிகம். எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. எனக்கோ சாஸ்திரத்தைவிட வேறொரு பயம். ஒன்றரை வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்துகொண்டிருக்கிற பிள்ளை. இதைப் பிடுங்கிப் போட்டால் மறுபடி மூடிக்கொள்ளும், பிறகு எந்த டீச்சராலும் திறக்க முடியாது. அதை நினைத்துத்தான் நான் சாஸ்திரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இவர் கூடத்தில் அங்கும் இங்கும் நடந்துவிட்டுச் சொன்னார்: “யாரும் கேட்டா வேலைக்காரின்னு சொல்லிரு.”

வேலைக்காரி வைத்துக்கொள்ள வக்கில்லாத வீட்டில் பொம்மைக்கு மட்டும் வேலைக்காரி. ஆனாலும் எனக்கு அது அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. மகளைக் கூப்பிட்டு, “இது யாருன்னு கேட்டா வேலைக்காரின்னு சொல்லுவோம், என்ன?” என்றேன். அவள் குனிந்து பொம்மையின் தட்டை நேராக வைத்தாள். எதற்குத்தான் பதில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தடுத்த சாயங்காலங்களில் யார் வந்து சுவரோரம் எட்டிப் பார்த்தாலும் அதையே சொன்னேன். “வேலைக்காரி. அவளுக்கு என் பழைய சேலையக் குடுத்தேன்லா, அதான் அத உடுத்தி வச்சிருக்கா.” கேட்டவர்கள் நம்பினார்களா என்பது வேறு. சொல்லச் சொல்ல எனக்கே வாய் பழகிவிட்டது. என் சேலையைக் கட்டிக்கொண்டு என் தட்டோடு உட்கார்ந்திருந்தவளை யாரோ எவளோ என்று சிரித்துக்கொண்டே சொல்லுவேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விடுவேன். பொம்மையாக உட்கார்ந்திருந்ததில் இருந்த வெட்கம் ஒரு பங்கு என்றால், அதை நானில்லை என்று சொன்னதில் இருந்தது இரண்டு பங்கு.

வெள்ளிக்கிழமை இவருடைய மேலதிகாரியின் மனைவி வந்தார். பெரிய இடம். கூட நாலைந்து பெண்கள். இவர் ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து, குளித்து விபூதி பூசி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா உயரமான ஆள், கண் எல்லா இடமும் போகும். படியைப் பார்த்தார், நல்லது என்றார். குனிந்து வீட்டைப் பார்த்தார். ஓட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவரோரம் நகர்ந்து பின்கட்டைப் பார்த்தார்.

“இது யாரு?”

“வேலைக்காரி, அக்கா.”

“வேலைக்காரிக்குத் தட்டு, தம்ளர்லாம் செஞ்சு வச்சிருக்காளே.”

நான் சிரித்தேன். இவரும் வாசலிலிருந்து சிரித்தார். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“வேலைக்காரி இல்ல. எங்கம்மா.”

கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். மகள் தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வெளி ஆள் முன்னால், அத்தனை பேருக்குக் கேட்கிற மாதிரி, அவள் பேசியது அதுதான் முதல் தடவை. எத்தனை வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் இதற்காக நின்று வேண்டியிருக்கிறேன். ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். நானோ கையில் குங்குமச் சிமிழை வைத்துக்கொண்டு, தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று நின்றேன். பொய் சொன்னதும் தெரிந்துபோயிற்று, மறைத்ததும் தெரிந்துபோயிற்று.

அந்த அம்மா சிரிக்கவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அம்மாவ ஏட்டி வெளிய உக்கார வச்சிருக்க? அடுக்களைல வச்சிருக்கலாம்லா?”

“அடுக்களைல இருந்தா அம்மா என்கூடப் பேச மாட்டா.”

“சரி, கூடத்துல?”

“கூடத்துல இருந்தா அரிசி பொடைப்பா.” தூணைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். “அங்கன இருக்கையிலதான் சும்மா இருப்பா. நான் செய்யுததெல்லாம் பார்ப்பா. மாசம் பூரா அங்கனயே இருந்தா நல்லாருக்கும்.”

ஒரு பெண் களுக்கென்று சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். வாசலில் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தெருப்பக்கம் திரும்பிவிட்டார். நான் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கினால் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எல்லாரும் பார்த்துவிடுவார்கள். எனக்கே எது என்று தெரியவில்லை. களிமண்ணும் நூலும் வாய் திறக்க வைத்தன என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தேனே, அந்தப் பெருமையும் அன்றைக்குப் போயிற்று.

மேலதிகாரி வீட்டம்மா தாம்பூலம் வாங்கிக்கொண்டார், சுண்டலையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் சாப்பிட்டார்கள். போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, “எனக்கு மூணு பிள்ளை இருக்கு. என்னைய எங்க கொண்டு வைக்குமோ, தெரியல. வாரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் வேலைக்காரி என்று சொல்லவில்லை. கேட்டால், “ஆமா, நான்தான்” என்பேன். சொல்லும்போது காது சூடாகும். அதோடு ஒருவரும் மேலே கேட்க மாட்டார்கள். விஜயதசமியன்று இரவு மகளே மற்றப் பொம்மைகளோடு அதையும் படுக்கப்போட்டு, பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

கொலு எடுத்து நாலைந்து நாள் கழிந்திருக்கும். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. காலை வேளை. உலையில் அரிசி கிடந்தது, இன்னும் கீரை ஆயவில்லை, தேங்காய் துருவவில்லை. மகள் புறவாசலில் துவைகல்லின் மேல் உட்கார்ந்து தீப்பெட்டியில் வண்டி செய்துகொண்டிருந்தாள். எனக்கு என்னவோ தோன்றியது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய், அவளுக்குப் பக்கத்தில் அதே கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

அவள் சட்டென்று பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தாள். தகரப் பெட்டியையும் இழுத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு வெளியவாம்மா?”

“இல்ல மக்கா. இன்னைக்கு ஒண்ணும் இல்ல.”

“தொட்டா குளிக்காண்டாமா?”

“குளிக்காண்டாம்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், திறந்திருந்த அடுக்களைக் கதவைப் பார்த்தாள்.

“அப்போ எதுக்கும்மா சும்மா உக்காந்திருக்க? உலை பொங்கிருமே.”

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். நான் எழுந்து போய்விடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, அவளே இறங்கி அடுக்களைக்குள் ஓடி, அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிட்டு வந்தாள். வந்தவள், நான் கல்லில் ஒதுங்கி இடம் விட்டிருந்ததைப் பார்த்தும், எனக்கு எதிரே ஆறேழு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள்.